செயலிக்குள் ஒரு சிறு தரவுத்தளம்: தமிழ்ச் சொற்களை வைப்பதும் எடுப்பதும்

தமிழாசிரியர் பலரிடம் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. பாடநூலின் அருஞ்சொற்கள், இணைமொழிகள், இரட்டைக்கிளவிகள், மரபுத்தொடர்கள், மாணவர் அடிக்கடி பிழைபட எழுதும் சொற்கள் என ஆண்டுதோறும் சேர்ந்து வந்த பட்டியல் அது. சிலரிடம் அது குறிப்பேட்டில் இருக்கிறது. சிலரிடம் கணினியின் விரிதாளில் இருக்கிறது. அதனை மாணவர் கைப்பேசியிலோ வகுப்பறைக் கணினியிலோ தேடிப் பார்க்கத்தக்க ஒரு சிறு செயலியாக ஆக்கினால் என்ன என்னும் எண்ணம் இப்பொழுது பல பள்ளிகளில் எழுந்துள்ளது. நிரலாக்கம் பயிலும் மாணவர்களுக்கும் இது ஏற்ற முதல் முயற்சியே.

அத்தகைய முயற்சி ஒன்றில் நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குவோம். மூத்த ஆசிரியர் ஒருவரின் பழைய பட்டியலை மாணவர்கள் செயலியில் ஏற்றியிருந்தனர். மாணவன் ஒருவன் 'கோலம்' என்று தட்டச்சிட்டுத் தேடினான். 'இல்லை' என்றது செயலி. ஆனால் பட்டியலைத் தள்ளிக்கொண்டே சென்றபோது, 'கோலம்' அங்கே கண்முன் நின்றது. அதனைக் காணுமுன் அவன் எங்களிடம் சொன்னது, "ஐயா, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது" என்பது. அவன் எழுதியது சரி. தவறு தரவுத்தளத்தை அமைத்த முறையில் இருந்தது. கணினி 'இல்லை' என்றால் பிள்ளைகள் தம்மீதே ஐயம் கொள்கிறார்கள். ஆதலால் இது பொறியாளரின் கவலை மட்டுமன்று. மொழியாசிரியரின் கவலையும் ஆகும்.

செயலிக்குள் சிறு தரவுத்தளம் ஒன்றை அமைப்பது எளிது. அதன் இயல்பான அமைப்பு தமிழ் அறியாதது. ஆகவே தமிழுக்கான முடிவுகளை நாமே முதல் நாளில் நிரலில் எழுதிவிட வேண்டும். இக்கட்டுரை விளக்க முற்படுவது இதனையே.

உட்பொதி தரவுத்தளம் என்பது யாது?

வங்கி, மருத்துவமனை போன்றவற்றின் தரவுத்தளங்கள் வழங்கி என்னும் தனிக் கணினியில் இயங்குவன. செயலி அவ்வழங்கியிடம் கேட்கும். வழங்கி விடை தரும். அதனைப் பேண ஒருவர் வேண்டும். இணைப்பும் கடவுச்சொல்லும் வேண்டும். நூறு சொற்களோ பத்தாயிரம் சொற்களோ கொண்ட ஒரு வகுப்பறைச் செயலிக்கு இவ்வளவும் மிகை.

உட்பொதி தரவுத்தளம் வேறு வகையினது. அது தனியே இயங்கும் நிரல் அன்று. செயலியோடு சேர்ந்தே இயங்கும் ஒரு நிரல்தொகுப்பு. தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். அக்கோப்பைப் படியெடுத்தால் தரவுத்தளத்தையே படியெடுத்ததாகும். இவ்வகையுள் மிகப் பரவலாக வழங்குவது எஸ்கியூலைட். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றிய டி. ரிச்சர்ட் ஹிப் இதனை 2000ஆம் ஆண்டில் உருவாக்கினார். அம்மென்பொருள் பயன்படுத்திய தரவுத்தள வழங்கி நின்றுபோகும் போதெல்லாம் மென்பொருளும் பயனற்றுப் போயிற்று. வழங்கியும் பேணுநரும் இல்லாமலேயே இயங்கும் ஒன்று வேண்டும் என்னும் தேவையிலிருந்து எஸ்கியூலைட் பிறந்தது.

இன்று ஆண்டிராய்டு, ஐபோன் ஆகிய இருவகைக் கைப்பேசிகளிலும், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளிலும் அது உள்ளிருந்து இயங்குகிறது. அதன் மூலநிரல் பொதுவுடைமையாக விடப்பட்டுள்ளது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பைத்தான் மொழியில் அதற்கான கூறு 2006இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பு முதல் உடன்வருகிறது. ஆகவே பைத்தான் நிறுவப்பட்ட பள்ளிக் கணினியில் பெரும்பாலும் வேறொன்றும் நிறுவ வேண்டியதில்லை.

முதல் நாளில் நிரல் செய்ய வேண்டியவை

முதற்செயல், கோப்பைத் திறத்தல். நிரலில் 'கனெக்ட்' என்னும் கட்டளைக்குக் கோப்பின் பெயரைத் தந்தால் போதும். கோப்பு இருந்தால் அது திறக்கும். இல்லையேல் புதிதாக உண்டாகும். இவ்வசதியிலேயே ஓர் இடர் ஒளிந்துள்ளது. கோப்பின் பெயரை மட்டும் தந்து, அது இருக்கும் உறையின் முழு முகவரியைத் தராவிட்டால், செயலியை வேறோர் உறையிலிருந்து இயக்கும் நாளில் அங்கே வெறுமையான புதிய கோப்பு ஒன்று பிறக்கும். 'சொற்கள் எல்லாம் அழிந்துவிட்டன' என்று மாணவர் அஞ்சுவர். அழியவில்லை, அவை பழைய உறையில் அப்படியே உள்ளன. முழு முகவரியை நிரலே கணித்துத் தருமாறு எழுதுவது இவ்வச்சத்தைப் போக்கும்.

இரண்டாவது, அட்டவணையை உண்டாக்குதல். எஸ்கியூலைட்டில் அட்டவணைக்கும் பத்திகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம் என்பது பலர் அறியாத செய்தி. 'சொற்கள்' என்னும் அட்டவணையில் 'எண்', 'சொல்', 'பொருள்', 'எடுத்துக்காட்டு' எனப் பத்திகள் அமைத்தால், நிரலைப் படிக்கும் மாணவனுக்கு ஒவ்வொரு வரியும் தானே விளங்கும். ஒவ்வொரு பத்தியும் எவ்வகைத் தரவைக் கொள்ளும், எண்ணா எழுத்தா, என்பதையும் அப்பொழுதே குறித்துவிட வேண்டும்.

மூன்றாவது, பதிப்பெண். இன்று நான்கு பத்திகள் போதும். அடுத்த ஆண்டு ஐந்தாவது வேண்டியிருக்கும். இதற்கெனக் கோப்பினுள்ளேயே 'யூசர் வெர்ஷன்' என்னும் ஓர் எண்ணை எஸ்கியூலைட் வைத்திருக்கிறது. புதிய கோப்பில் அது 0. செயலி திறக்கும்பொழுது அவ்வெண்ணைப் படிக்க வேண்டும். 0 எனில் அட்டவணையை உண்டாக்கி 1 என மாற்ற வேண்டும். 1 எனில் புதிய பத்தியைச் சேர்த்து 2 என மாற்ற வேண்டும். இவ்வாறு செய்தால் பழைய கோப்புகளும் இழப்பின்றிப் புதிய வடிவை அடையும்.

நான்காவது, சொல்லை உள்ளிடும் முறை. மாணவர் தட்டச்சிட்டதைக் கட்டளை வரியோடு அப்படியே ஒட்டிவிடுவது தொடக்கநிலை நிரலர் செய்யும் வழக்கமான பிழை. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்று வந்துவிட்டாலே கட்டளை உடைந்துபோகும். தீய எண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு வரி அட்டவணையையே கெடுத்துவிடவும் கூடும். கட்டளையில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி இட்டு, மதிப்பைத் தனியே தருவதே முறை. அப்பொழுது எஸ்கியூலைட் அதனைக் கட்டளையாகக் கொள்ளாது. வெறும் எழுத்தாகவே கொள்ளும்.

ஐந்தாவது, உறுதிசெய்தல். பைத்தானில் இயல்பான அமைப்பில், உள்ளிட்ட மாற்றங்கள் 'கமிட்' என்னும் கட்டளை வரும்வரை நிலைபெறுவதில்லை. ஒரு பிற்பகல் முழுதும் மாணவர் முந்நூறு சொற்களை உள்ளிட்டு, அக்கட்டளையின்றி நிரல் முடிந்துபோனதையும், மறுநாள் அட்டவணை வெறுமையாய் இருந்ததையும் நாங்கள் கண்டிருக்கிறோம். இதனைக் குறையென்று எண்ணிவிடலாகாது. பல மாற்றங்கள் ஒன்று முழுமையாய் நிகழவேண்டும், அல்லது ஒன்றும் நிகழலாகாது என்பதே இவ்வமைப்பின் நோக்கம். பாதி எழுதும்போது மின்சாரம் நின்றாலும் கோப்பு சிதையாமல் இருப்பது இதனாலேயே. முந்நூறு சொற்களை ஒரே தொகுதியாக எழுதி ஒருமுறை உறுதிசெய்தால், ஒவ்வொன்றாக முந்நூறு முறை உறுதிசெய்வதைவிட மிக விரைவாகவும் முடியும்.

இதுவரை சொன்னவை எம்மொழிக்கும் பொருந்துவன. இனித் தமிழுக்கு உரியவை.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

'கோலம்' ஏன் கிடைக்கவில்லை? யூனிகோடு முறையில் 'கோ' என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைப்பது ஒன்று. ககரத்தை அடுத்து இரட்டைக்கொம்பையும் காலையும் இரு குறியெண்களாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. எஸ்கியூலைட்டோ குறியெண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. அதனைப் பொறுத்தவரை அவை வேறு வேறு சொற்கள்.

அவ்வாசிரியரின் பட்டியல் பழைய எழுத்துருக் குறியீடு ஒன்றில் தட்டச்சிடப்பட்டுப் பின்னர் யூனிகோட்டுக்கு மாற்றப்பட்டது. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியே இருந்தன. மாற்றியபோதும் அப்பிரிவு எஞ்சிவிட்டது. தமிழுக்குப் பல குறியீடுகள் வழங்கி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாதிருந்த காலத்தை மூத்தோர் அறிவர். 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு கூடிப் பேசியவற்றுள் இச்சிக்கலும் ஒன்று. யூனிகோடு அதனைப் பெரிதும் தீர்த்துவிட்டது. ஆயினும் அக்காலத்துத் தரவு நம் கைகளில் இன்னும் இருக்கிறது.

இதற்குத் தீர்வு ஒருமைப்படுத்தல். பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' என்னும் கூறு, பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியெண்ணாகச் சேர்த்துத் தரும். சொல்லை அட்டவணையில் எழுதுமுன் ஒருமுறையும், தேடுமுன் தேடற்சொல்லுக்கு ஒருமுறையும் இதனைச் செய்தல் வேண்டும். ஒரு பக்கம் செய்து மறுபக்கம் செய்யாவிட்டால் பயனில்லை.

ஒருமைப்படுத்தல் தீர்க்காத பிழை ஒன்றும் உண்டு. 'ஔவை' என்பதை ஒகரத்தின் பின் ளகரம் இட்டு 'ஒளவை' எனத் தட்டச்சிடுவோர் பலர். 'கௌரவம்' என்பதையும் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு 'கெளரவம்' என எழுதுவர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் இது குறியீட்டு வேற்றுமை அன்று, எழுத்துப்பிழையே. இதனை இயந்திரம் தானே திருத்துமாறு விட்டால், 'ஒளி' போன்றவற்றில் உண்மையாகவே வரும் ளகரத்திற்கும் கேடு நேரலாம். இங்கே ஆசிரியரின் கண் வேண்டும்.

அகரவரிசை

நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையால் தொகுத்துச் செய்யுளாக்கின. கற்போர் மனப்பாடம் செய்தனர். 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி சொற்களை அகரவரிசையில் அடுக்கியது. மனப்பாடம் செய்யாதவரும் ஒரு சொல்லை எளிதில் தேடியடைய அவ்வரிசை வழிசெய்தது. வரிசை பிறழ்ந்தால் அகராதிக்குப் பயனில்லை.

எஸ்கியூலைட் இயல்பாக அடுக்குவது குறியெண் வரிசையில். அவ்வரிசை நம் நெடுங்கணக்கோடு முற்றும் ஒத்ததன்று. நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் னகரம், குறியெண் வரிசையில் நகரத்தின் பின்னும் பகரத்தின் முன்னும் வந்துவிடுகிறது. றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னர் உள்ளது. ஆதலால் அகராதியில் 'பகல்' என்பதற்கு முன்வர வேண்டிய 'பக்கம்', தரவுத்தளத்தில் அதற்குப் பின் வருகிறது.

இதனைச் சரிசெய்ய இருவழிகள் உண்டு. வரிசை விதியை ஒரு செயற்கூறாக எழுதி எஸ்கியூலைட்டிடம் பதிவுசெய்யலாம். ஆனால் அப்பதிவு அந்நிரலில் திறந்த இணைப்புக்கு மட்டுமே உரியது. கோப்பை வேறொரு நிரலில் திறப்பவருக்கு அவ்விதி கிடைக்காது. பிறருக்குக் கொடுக்க எண்ணும் கோப்புக்கு மற்றொரு வழியே நல்லது. 'வரிசைத்திறவு' என்னும் பத்தி ஒன்றைச் சேர்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்கம் தந்து எழுதி வைப்பதே அவ்வழி.

உயிர் பன்னிரண்டுக்கு 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, மெய் பதினெட்டுக்கு நெடுங்கணக்கு முறையே 14 முதல் 31, கிரந்த எழுத்துகளுக்கு அதன் பின்வரும் எண்கள் எனக் கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் எழுத்தைக் குறிக்கும். அடுத்த இரண்டு, மெய்யின்மேல் ஏறிய உயிரைக் குறிக்கும். புள்ளியாயின் 00, அகரமாயின் 01. தனித்து நிற்கும் உயிருக்கும் ஆய்தத்துக்கும் பின்னிரு இலக்கம் 00. இவ்வாறு எழுதினால் 'பக்கம்' என்பது 2201 1400 1401 2300 ஆகும். 'பகல்' என்பது 2201 1401 2600 ஆகும். இரண்டாம் எழுத்தில் 1400 சிறிது. ஆகவே 'பக்கம்' முன்வருகிறது. இப்பத்தியை எண்வகையாக அன்றி எழுத்துவகையாகவே அறிவிக்க வேண்டும். எண்ணாக அறிவித்தால் அகரத்தில் தொடங்கும் சொற்களின் முன்னுள்ள சுழியம் மறைந்து வரிசை குலையும்.

எழுத்தெண்ணிக்கையும் இத்தகையதே. எஸ்கியூலைட்டிடம் 'தமிழ்' என்பதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை தரும். அது தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி எனக் குறியெண்களை எண்ணுகிறது. நமக்கோ அது மூன்றெழுத்துச் சொல். மூன்றெழுத்துச் சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை மாணவருக்கு அமைப்பதாயின், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விலக்கி எண்ணி, அவ்வெண்ணிக்கையைத் தனிப்பத்தியில் வைக்க வேண்டும்.

மானும் மீனும்

எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குள் சொல்லைத் தேட எஸ்கியூலைட்டில் 'எஃப்டிஎஸ்5' என்னும் முழுவுரைத் தேடல் வசதி உண்டு. அது வாக்கியத்தைச் சொற்களாகப் பிரித்துச் சொல்லடைவு ஒன்றை அமைக்கிறது. இயல்பான அமைப்பில், எழுத்து, எண் என வகுக்கப்பட்ட குறியெண்களையே அது சொல்லின் பகுதியாகக் கொள்ளும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோட்டில் எழுத்து வகையைச் சார்ந்தன அல்ல. சார்புக்குறி வகையைச் சார்ந்தன. ஆகவே அவை வரும் இடந்தோறும், இடைவெளி வந்தாற்போல் சொல் துண்டாகிறது.

இதன் விளைவைக் காண்போம். 'மான்' என்பது 'ம', 'ன' என்னும் இரு துண்டாகிறது. 'மீன்' என்பதும் அவ்வாறே 'ம', 'ன' ஆகிறது. மானைத் தேடும் மாணவனுக்கு மீனைப் பற்றிய வாக்கியமும் வந்து சேர்கிறது. தேடல் இயங்குவதுபோலவே தோன்றுவதால் இப்பிழையை எளிதில் கண்டறிய இயலாது. சொல்லடைவை உண்டாக்கும் கட்டளையில், சார்புக்குறி வகைகளான எம்என், எம்சி ஆகிய இரண்டையும் சொல்லின் பகுதியாகச் சேர்க்குமாறு அறிவித்தால் இது தீரும். ஒரே வரித் திருத்தந்தான். ஆனால் அதனைத் தமிழறிந்தவரே கேட்டுப் பெறவேண்டும்.

அதன் பின்னும் 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. சாரியையும் வேற்றுமையுருபும் ஏற்ற சொல்லின் வேரை அறியும் ஆற்றல் எஸ்கியூலைட்டுக்கு இல்லை. 'மர' எனத் தொடங்குவன யாவும் வருக என்று முன்னொட்டுத் தேடலைப் பயன்படுத்தலாம். 'மரபு' என்பதும் உடன்வரும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்ய வேண்டும்.

கோப்பைக் காத்தலும் சோதித்தலும்

ஆசிரியர் பணிமாற்றம் பெறுவார். மாணவர் பள்ளியை விட்டுச் செல்வர். செயலியும் ஒருநாள் பழையதாகும். எஞ்ச வேண்டியது அக்கோப்பு. எஸ்கியூலைட்டின் கோப்பு வடிவம் முழுவதும் வெளிப்படையாக விளக்கப்பட்டுள்ளது. அதனை 2050 வரை பேணுவது தம் நோக்கம் என உருவாக்குநர் அறிவித்துள்ளனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுகளைப் பேணுவதற்குப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் அதுவும் ஒன்று. படியெடுக்கும்போது செயலியை மூடிவிட்டுப் படியெடுக்க வேண்டும். அல்லது நிரலிலேயே உள்ள 'பேக்அப்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே படியெடுத்தால் குறைபட்ட படியே கிடைக்கக்கூடும்.

இறுதியாக, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க ஒரு சோதனையைத் தருகிறோம். கோலம், ஔவை, பக்கம், பகல், தமிழ், மான், மீன் ஆகிய ஏழு சொற்களையும் புதிய செயலியில் முதல் நாளிலேயே உள்ளிடுங்கள். கோலத்தை இருவகைத் தட்டச்சிலும் தேடுங்கள். இரண்டிலும் கிடைக்க வேண்டும். 'ஒளவை' எனப் பிழைபடத் தட்டச்சிட்டால் செயலி யாது சொல்கிறது என்று பாருங்கள். பக்கத்தின் பின் பகல் வர வேண்டும். தமிழுக்கு மூன்றெழுத்து எனச் சொல்ல வேண்டும். மானைத் தேடும்போது மீன் வரலாகாது. இவற்றுள் ஒன்று தவறினும், ஆயிரம் சொற்களை ஏற்றுவதற்கு முன் திருத்திவிடுங்கள். ஏழு சொற்களில் திருத்துவது ஒரு பாடவேளைப் பணி. ஆயிரம் சொற்களை ஏற்றியபின் திருத்துவது ஓர் ஆண்டுப் பணியாகும். அதற்குள் எத்தனை பிள்ளைகள் 'நான்தான் தப்பாக எழுதிவிட்டேன்' என்று எண்ணிச் சென்றிருப்பார்களோ, நாம் அறியோம்.